பிரிண்டர் நிற்பதற்கான காரணங்கள்

மற்ற அலுவலகங்களில் காலையில் வந்ததும் கையெழுத்துப் போடுவார்கள், ஃபேனைப் போடுவார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். எடைக்கல் சோதனை அலுவலகத்தில் மட்டும் எல்லாரும் முதலில் lpstat -p என்று தட்டினார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். பிரிண்டர் ஓடுகிறது என்று அந்த வரி சொன்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டு வேலைக்கு உட்காருவார்கள். நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சொன்னால் கேன்டீனுக்கு எழுவார்கள். ஆனால் எழுவதற்கு முன், அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது வரியை ஆர அமரப் படிப்பார்கள். அந்த அலுவலகத்தில் வாசிக்கத் தகுந்த எழுத்து என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டாவது வரிதான். பிரிண்டர் ஏன் நிற்கிறது என்ற காரணம் அங்கே வரும்.

பிரிண்டரை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அது தரைக்கு அடியில் இருந்தது. அலுவலகத்தின் வேலை அப்படி. கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, லாரி ஏறும் எடைமேடை, எல்லாவற்றையும் சோதித்துச் சரியாக இருந்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். மேல்மாடியில் மில்லிகிராம் நிறுக்கும் தராசுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அவை சம்பந்தி வீட்டார் மாதிரி; யாராவது தும்மினால்கூட முகம் திரும்பிவிடும். பிரிண்டரோ உடம்பு பெருத்த மிஷின். ஓடினால் கட்டிடமே லேசாக நடுங்கும். ஆகவே அதை அடித்தளத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்படியும் நடுக்கம் மாடி ஏறிப் போனது. அதனால் மேலே மிக நுணுக்கமாக நிறுக்கும்போதெல்லாம் கீழே பிரிண்டரை நிறுத்தியாக வேண்டும்.

மேலே நிறுப்பவருக்கு ‘மூச்சு’ என்று பெயர். தராசு முள் நிற்கும்வரை மூச்சுவிட மாட்டார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, காது சிவந்து அவர் நிற்கும் கோலத்தைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் தண்ணீர் தெளிக்க ஓடியிருக்கிறார்கள். கீழே பிரிண்டரை நிறுத்துகிறவருக்குக் ‘காரணம்’ என்று பெயர். இது அவரைப் பற்றிய கதை.

பிரிண்டரை நிறுத்தும் கட்டளையோடு விருப்பம் இருந்தால் ஒரு காரணத்தையும் எழுதலாம். எழுதாவிட்டால் மிஷினே ‘ரீசன் அன்னோன்’ என்று போட்டுக்கொள்ளும். காரணம் தெரியவில்லை என்று பொருள். உலகத்தில் உள்ள பிரிண்டர்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். நம்மவருக்கு அது அவமானமாகப் பட்டது.

“நிறுத்தினது நான். எனக்குத் தெரியும். அப்புறம் எப்படித் தெரியலைன்னு போடறது?” என்பார்.

அதனால் ஒவ்வொரு தடவையும் எழுதினார், உண்மையையே எழுதினார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். இங்கே நல்ல எழுத்திலேயே தருகிறேன்.

“மேலே மில்லிகிராம் நிறுக்கிறார்கள். அவர் மூச்சு விட்டதும் ஓடும்.”

“காகிதம் சிக்கியது. இழுத்தவர் மேனேஜர். இழுக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது.”

“இந்தப் பிரிண்டரில் கலர் வராது என்பதை மேனேஜருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.”

“இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.”

மேனேஜர் அவரை அழைத்து உட்கார வைத்துப் பேசினார். மேனேஜர் நல்ல மனிதர்தான். தன்னைப் பற்றிய செய்தி நாலு மாடியிலும் ஒரே நேரத்தில் வெளியாவதை எந்த நல்ல மனிதரும் விரும்ப மாட்டார், அவ்வளவுதான்.

“ஏன்யா, ‘தொழில்நுட்பக் காரணம்’னு ஒரே வார்த்தையில போட்டா என்ன? எவ்வளவு கௌரவமா இருக்கு.”

“எந்தத் தொழில்நுட்பம் சார்?”

“ஏதோ ஒண்ணு.”

“நீங்க பேப்பரைப் பிடிச்சு இழுத்தது தொழில்நுட்பமா சார்?”

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரிசை விஷயத்திலும் இப்படித்தான். lpq என்று தட்டினால் யாருடைய தாள் எத்தனையாவதாக நிற்கிறது என்று தெரியும். முதலில் அனுப்பியவருக்கு முதலில் வரும். வேண்டியவரைத் தூக்கி முன்னால் நிறுத்தவும் ஒரு கட்டளை உண்டு. அது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்த சாவி போல அதைப் பத்திரமாக வைத்திருந்தார், திறந்து பார்த்ததில்லை.

“என்னோடதை முன்னாடி போடுய்யா. நான் மேனேஜர்” என்று ஒரு தடவை போன் வந்தது.

“அது உங்க ரூம்ல சார். இங்க நீங்க ஏழாவது.”

இவ்வளவு காரணம் சொல்லும் மனிதர் வீட்டில் எப்படி இருப்பார்? நாள் முழுக்கக் காரணமாகப் பொழிவார், மனைவி காதைப் பொத்திக்கொள்வார் என்றுதான் நினைப்போம். வீட்டில் அவர் பேசவே மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் ‘ம்’. மழை வருகிறது, துணியை எடுங்கள் என்றால் ‘ம்’. எடுக்கவும் செய்வார், அது வேறு. சாப்பாடு எப்படி என்றாலும் ‘ம்’தான். அந்த ‘ம்’களைக் குட்டை, நெட்டை, மூக்கு வழியாக வருவது, தொண்டையிலேயே தங்கிவிடுவது என்று அவர் மனைவி தரம் பிரித்து வைத்திருந்தார். எடைக்கல் அலுவலகத்துக்காரர் அல்லவா.

ஆம், மனைவிக்கும் அதே அலுவலகம்தான். மூன்றாம் மாடியில் சான்றிதழ்ப் பிரிவு. எல்லாருக்கும் அவர் ‘அக்கா’, மேனேஜருக்குக்கூட. கணவருக்குப் பல் வலி என்பது அக்காவுக்கு அலுவலகத்தில்தான் தெரிந்தது. முந்தின நாள் சாப்பிடாமல் எழுந்தவரை ஏன் என்று கேட்டதற்கு ‘ம்’ என்று வந்தது. மறுநாள் முற்பகலில் பக்கத்து மேஜைப் பெண் திரையைப் பார்த்து உரக்க வாசித்தாள்:

“‘ஆபரேட்டர் பல் டாக்டரிடம் போயிருக்கிறார். கீழ்க் கடைவாய். பிடுங்க வேண்டியிருக்கும்.’ ஏன்க்கா, மாமாவுக்குப் பல் வலியா? சொல்லவே இல்லையே!”

“எனக்கும் இப்பத்தான்டி வருது” என்றார் அக்கா.

அந்தப் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இப்படியே காலம் போயிருக்கும். அக்காவுக்குப் பதவி உயர்வு வந்து கெடுத்தது. வேறொரு ஊரில் இருந்த கிளைக்குச் சான்றிதழ்ப் பிரிவுத் தலைவர். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். சம்மதம் என்றால் அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போட்டு, அந்த வார வெள்ளிக்கிழமை மாலைத் தபால் பையில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பதவி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சாப்பிடும்போது அக்கா ஆரம்பித்தார்.

“எனக்குப் பிரமோஷன் வந்திருக்குங்க. வேற ஊர்க் கிளைக்குப் போகணும்.”

“ம்.”

“போகவா?”

“ம்.”

“இது சரிங்கற ம்மா, வேண்டாங்கற ம்மா?”

அவர் எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவினார். அந்த வீட்டில் அது முன்னால் நடந்ததில்லை. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அக்காவுக்குப் புரியவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டார்.

“அப்பா என்னம்மா சொன்னாரு?”

“ம்-னாரு.”

“எந்த ம்?”

“புது ம்-டா.”

அக்கா தட்டு விஷயத்தையும் சொன்னார். “தட்டை வேற கழுவினாரா? அப்ப சீரியஸ்தான்” என்றான்.

அக்காவுக்குப் போக ஆசை இருந்தது. தான் எழுதிக்கொடுத்த சான்றிதழில் எவரெவரோ கையெழுத்துப் போட்டதைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவையாவது அந்த இடத்தில் தன் கையெழுத்து வர வேண்டும் என்று அவருக்குள் ஒரு வீம்பு. ஆனால் இந்த மனிதரை இப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, கணவரை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே நின்று சொன்னார்.

“போன்னு சொன்னா போறேன். வேண்டாம்னு சொன்னா இருக்கேன். ஆனா ரெண்டுல எதுன்னாலும் வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லணும். சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு மிஷினுக்குச் சொல்ற காரணத்தை எனக்குச் சொல்லக்கூடாதா?”

அவர் மிக நீளமாக யோசித்துவிட்டு, மிகக் குட்டையாக “ம்” என்றார்.

அந்த வாரம் அலுவலகமே lpstat-ஐ வைத்த கண் வாங்காமல் பார்த்தது. வீட்டில் சொல்லாததைத் திரையில் சொல்லிவிடுவார் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. அதிகம் தவித்தவள் ரேடியோதான். பணிமூப்பில் அடுத்த ஆள் அவள். அக்கா போகாவிட்டால் அவள் போக வேண்டும். அந்த ஊரில் அவளுடைய மாமியார் இருந்தார்.

“‘டோனர் தீர்ந்தது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். பயனில்லை’னு போட்டிருக்காருக்கா. மனசு காலியாயிருச்சுங்கறாரு. பாருங்க, பயனில்லைங்கறாரு!”

“டோனர் தீர்ந்ததுன்னா டோனர் தீர்ந்ததுடி. அவருக்கு வேற அர்த்தம் வெச்சு எழுதத் தெரியாது.”

திங்கள் டோனரோடு போனது. செவ்வாயும் புதனும் மூச்சின் மில்லிகிராமோடு போயின. வியாழக்கிழமை காகிதம் ஈரமாக வந்திருக்கிறது என்று விற்றவரைப் பற்றி ஒரு நீண்ட காரணம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அக்கா சம்மதக் கடிதத்தைத் தட்டி அச்சுக்கு அனுப்பினார். கையெழுத்து அப்புறம், தாளாவது கையில் இருக்கட்டும். அவர் அனுப்பிய சிறிது நேரத்தில் காலடியில் இருந்த லேசான நடுக்கம் நின்றது. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் lpstat -p என்று தட்டின.

ரேடியோ வாசிக்க வாயைத் திறந்து, அப்படியே நின்றாள்.

“என்னடி?”

“அக்கா… ‘ரீசன் அன்னோன்’னு வருது.”

மூன்றாம் மாடி எழுந்து நின்றது. அந்த மனிதர் பிரிண்டருக்குக் காரணம் எழுதாமல் விட்டார் என்றால், சூரியன் வேறு பக்கம் உதிக்காததுதான் பாக்கி. மயக்கம் போட்டு விழுந்திருப்பார் என்றார் ஒருவர். வேறு யாரோ அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிறுத்தியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். மூச்சு மேல்மாடியிலிருந்து ஓடி வந்தார்.

“நான் நிறுக்கவே இல்லைம்மா! இன்னிக்கு நான் தாராளமா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன். என்னைச் சொல்லாதீங்க.”

கீழே போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் தானே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

“கதவை உள்பக்கம் தாழ் போட்டிருக்காரு. தட்டினேன். உள்ளே இருந்து ‘ம்’னு ஒரு சத்தம் வருது.”

அக்கா பதறிப்போய்க் கேட்டார்: “எந்த ம் சார்?”

மேனேஜர் அங்கும் இங்கும் பார்த்தார். அத்தனை பேர் முன்னிலையில் முடிந்தவரை கௌரவமாக, “ம்ம்…” என்று செய்து காட்டினார்.

“மூக்கு வழியா வந்ததா?”

“இல்லம்மா. கொஞ்சம்… உள்ளேயே இருந்துச்சு.”

அக்கா யோசித்தார். “உள்ளே தங்கற ம் சார். விஷயம் இருக்கு, வெளியே வரலை. யாரும் கதவை உடைக்க வேண்டாம். நான் கேட்டுக்கறேன்.”

கேட்பதற்கு அவர் கீழே போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தார். அச்சுக்கு அனுப்பும் தாளுக்கு lp -t என்று போட்டு நாம் விரும்பிய தலைப்பு வைக்கலாம். பிரிண்டர் நின்றிருந்தாலும் வரிசையில் ஆள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். lpq தட்டினால் அந்தத் தலைப்பு கீழே இருப்பவருக்கும் தெரியும். அக்கா ஒரு வெற்றுத்தாளை அனுப்பினார். அதன் தலைப்பு: “காரணம் எழுதாம நிறுத்தினது யாரு”.

எல்லாரும் lpstat தட்டினார்கள். மாறவில்லை. மறுபடி தட்டினார்கள். மாறியது.

“ஆபரேட்டர்.”

“பதில் வந்துருச்சு!” என்று ரேடியோ கத்திய கத்து இரண்டாம் மாடிக்குக் கேட்டு, அவர்களும் படியேறி வந்தார்கள்.

அக்கா அடுத்த வெற்றுத்தாளை அனுப்பினார். “ஏன்”.

“யோசித்துக்கொண்டிருக்கிறார்.”

“ஒரு வாரமாவா”.

“சுருக்கமாக எழுத வரவில்லை.”

“இது ஆபீஸ் பிரிண்டர்!” என்றார் மேனேஜர், பொதுவாகக் கூரையைப் பார்த்து.

“ஷ்! மூச்சு விடாம பாருங்க சார்” என்றார் மூச்சு.

அக்கா தட்டினார்: “நீளமாவே எழுதுங்க. நான் எங்கயும் போகலை”. கடைசிச் சொல்லைத் தட்டிய பிறகு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே அனுப்பினார்.

கீழே தபால் பைக்காரர் வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. திரை மாறியது.

“பால் எப்போது பொங்கும் என்று எனக்குத் தெரியாது.”

மூன்றாம் மாடி விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. விறைப்பாக உட்கார்ந்து, “இதுதான் காரணமா” என்று அனுப்பினார்.

“இல்லை. இது முன்னுரை.”

பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. lpstat தட்டித் தட்டி ரேடியோவின் விரல் வலித்தது. மேனேஜர் தன் வேலையை மறந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தபால் பைக்காரர் படியடியில் வந்து நின்று, “போகலாமா, இருக்கவா?” என்று குரல் கொடுத்தார்.

“அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்! உட்காருங்க!” என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

அப்போது திரை மாறியது. ரேடியோதான் முதலில் பார்த்தாள். அவள் வாசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாசிக்காமல், திரையை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீ பேசுவாய். நான் ம் சொல்வேன். நீ போய்விட்டால் நான் எதற்கு ம் சொல்வது?”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு, “அப்ப போக வேண்டாம், அப்படித்தானே” என்று அனுப்பினார்.

“அய்யோ, மாமியார்!” என்று தலையில் கை வைத்தாள் ரேடியோ.

திரை உடனே மாறியது.

“போக வேண்டும். சான்றிதழில் எழுத்துப் பிழை கண்டுபிடிக்க உன்னை விட்டால் ஆள் இல்லை. அங்கே போனால் கையெழுத்தும் உன்னுடையதாக இருக்கும். நான் கேட்டது என் வசதிக்கு. அது நிறுத்தியதற்குக் காரணம். ஓட்டுவதற்குக் காரணம் இது.”

அக்கா படித்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் தரை நடுங்கியது. பிரிண்டர் ஓடத் தொடங்கிவிட்டது. ரேடியோ lpq தட்டினாள்.

“அக்கா! உங்க லெட்டர் முதல்ல நிக்குது! எல்லாருக்கும் பின்னாடி இருந்தது, அவரே தூக்கி முன்னாடி போட்டுட்டாரு!”

அந்த மனிதர் வரிசையை மாற்றினார் என்பது அங்கிருந்தவர்களுக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. மேனேஜருக்கு மட்டும் உடனே உறைத்தது.

“என்னோடது காலையில இருந்து நிக்குதே! நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!”

“இங்க நீங்க ஏழாவது சார்” என்றாள் ரேடியோ, மிகுந்த மகிழ்ச்சியோடு.

தாளை எடுத்துக்கொண்டு அவரே மேலே வந்தார். அடித்தளத்து மனிதர், மாடிப்படி பழக்கமில்லை. மூன்றாம் மாடி வாசலில் நின்று இளைத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் நேரே அக்காவின் மேஜைக்குப் போய்த் தாளை வைத்தார். இப்போதாவது வாயால் ஏதாவது சொல்வார் என்று நாலு மாடி ஆட்களும் கழுத்தை நீட்டினார்கள்.

“ம்” என்றார் அவர்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “இது தெரிஞ்ச ம்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரேடியோ அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, தபால் பைக்காரர் பைக்குள் போடும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சனிக்கிழமை காலையில் lpstat இப்படிச் சொன்னது: “வெற்றுத்தாள்கள் வரிசையாக வந்து விழுந்ததால் தட்டைச் சரிசெய்கிறேன். காகிதம் வீணானதற்குப் பொறுப்பு: ஆபரேட்டர் குடும்பம்.” அன்றே மேனேஜரிடமிருந்து ஓர் உத்தரவும் வந்தது. பிரிண்டரை நிறுத்தும் காரணம் எழுதும் இடத்தில் இனிமேல் சொந்த விஷயம் எழுதக்கூடாது. நம்மவர் பிரிண்டரை நிறுத்தி, “சொந்த விஷயம் எழுதக்கூடாது என்ற உத்தரவைப் படித்துக்கொண்டிருக்கிறேன்” என்று போட்டார். படித்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. மேனேஜர் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அக்கா போனார். போய்ச் சேர்ந்த அன்றே வீட்டுக்குப் போன் போட்டார்.

“வந்து சேர்ந்துட்டேங்க. ரூம் நல்லா இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“வேற?”

“ம்.”

போனில் அவ்வளவுதான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிளையும் இந்த அலுவலகமும் ஒரே கம்பியில் இணைந்தவை. lpstat-க்குப் பக்கத்தில் -h போட்டு, இந்த அலுவலகத்துக் கணினியின் பெயரையும் -p-யையும் சேர்த்துத் தட்டினால், அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே பிரிண்டர் நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்க்கலாம். மறுநாள் காலையில் அக்கா தட்டினார்.

“பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்ததால் தாமதம்.”

அதற்கு மறுநாள்: “இன்றும்.”

அதற்கும் மறுநாள்: “இன்று பொங்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டேன்.”

தினமும் காலையில் தவறாமல் கொஞ்ச நேரம் பிரிண்டர் நிற்கும். இங்கே நாலு மாடியும் அங்கே ஒரு கிளையும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தன. அந்தக் கிளையில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர், “மேடம், உங்க வீட்டுக்காரர் இன்னிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுச் சுட்டுட்டாராம்” என்று வாசலிலேயே சொல்லும் அளவுக்கு விஷயம் முன்னேறியது. அக்கா புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்து, இந்த ஊர்ப் பிரிண்டருக்கு அங்கிருந்தே ஒரு வெற்றுத்தாளை அனுப்புவார். தலைப்பு: “ம்”.

அந்த வெற்றுத்தாள் கீழே வந்து விழும்போது நம்மவர் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடித்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. ஆனால் எந்த ‘ம்’ என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் மூன்றாம் மாடி நம்பியது.

அக்கா முதல் விடுமுறைக்கு வந்த நாளில், காலையில் அலுவலகத்தில் நடுக்கமே இல்லை. கைகள் தட்டின. பிரிண்டர் நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது வரியில் ‘ரீசன் அன்னோன்’ என்று இருந்தது. யாரும் பதறவில்லை. யாரும் கீழே இறங்கிப் போகவில்லை. மூச்சு மட்டும் நல்ல அமைதி கிடைத்ததே என்று மில்லிகிராம் எடைகளை எடுத்து வரிசையாக நிறுக்க ஆரம்பித்தார்.

வெளியூரிலிருந்து தராசுச் சான்றிதழுக்காக வந்து காத்திருந்த ஒரு கடைக்காரர் மேனேஜரிடம் போய்ப் பொரிந்தார்.

“என்ன சார் இது, பிரிண்டர் நிக்குதாம், ஆளே இல்லையாம், ஏன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க?”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். காலை ரயில் வந்து சேர்ந்திருக்கும். இறங்கி, பெட்டியை யார் தூக்குவது என்று பேச்சு நடந்து, அதற்கு ஒரு ‘ம்’ சொல்லி, நடந்து வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

“தொழில்நுட்பக் காரணம்” என்றார் மேனேஜர், மிகவும் கௌரவமாக. “உட்காருங்க, வந்துருவாரு.”